புரொப்பெல்லர் சுழலட்டும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பழைய இராணுவப் பயிற்சி விமானங்களைப் படம் பிடிப்பது பற்றிச் சின்னக் குறிப்பு ஒன்று எழுதி, கேள்வி இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தேன். திருகோணமலைப் பக்கமிருந்துதான் கூடுதலாக வந்திருக்கிறது. சீனக்குடாவில் எழும்பும் பயிற்சி விமானச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஊர், அதனால் எதிர்பார்த்ததுதான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

இங்கிலாந்தில் இருக்கும் மகன் வரச் சொல்கிறான், டக்ஸ்ஃபோர்ட் விமானக் காட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டானாம். முன்பு ஒரு காட்சியில் நான் எடுத்த படங்களில் விமானம் நல்ல கூர்மை, ஆனால் புரொப்பெல்லர் அப்படியே நின்றுவிட்டது, ஏதோ கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி. ஷட்டர் வேகம் 1/2000, அதாவது செக்கனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, வைத்து எடுத்தேன். அது பிழையா? (உப்புவெளி)

ஆம், பிழை அதில்தான் இருக்கிறது. ஜெட் விமானத்துக்குச் சொல்லும் அறிவுரையைப் புரொப்பெல்லர் விமானத்துக்கும் எல்லோரும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். ஜெட் வேகமாகப் போகும், வெளியே சுழலும் பாகம் கண்ணுக்குத் தெரியாது, 1/2000 வைத்தால் நல்லதுதான். ஹாவர்ட், சிப்மங்க், டைகர் மொத் போன்ற பயிற்சி விமானங்களுக்கு உயிரே மூக்கில் சுழல்கிறது. அது நின்றுவிட்டால் எஞ்சின் அணைந்து விழப்போகும் விமானம் போலத்தான் படத்தில் தெரியும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பிறகு யாரிடமும் கேட்க வேண்டியிராது. பறக்கும்போது புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் சுழல்கிறது என்று வையுங்கள். செக்கனுக்கு 33 சுற்றுக்குச் சற்று மேல். பாகையில் சொன்னால், ஆயிரத்தில் ஒரு செக்கனில் 12 பாகை. ஆக 1/2000 இல் புரொப்பெல்லரின் அலகு, அதாவது சுழலும் தகடு, 6 பாகைதான் நகரும், நின்றது போலவே இருக்கும். 1/250 இல் 48 பாகை, சுழற்சி நன்றாகத் தெரியத் தொடங்கும். 1/125 இல் 96 பாகை, அழகான வீச்சு. இரண்டு அலகுப் புரொப்பெல்லர் முழு வட்டமாகத் தெரிய 180 பாகை நகர வேண்டும், அதற்கு 1/60 அளவுக்கு இறங்க வேண்டும். மூன்று அலகு என்றால் 120 பாகை போதும், 1/100 இலேயே வட்டம் கிடைத்துவிடும்.

முழு வட்டம் கட்டாயமில்லை. ஆனால் ஷட்டரை 1/250 ஐ விட வேகமாக வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, சுழலும் புரொப்பெல்லருடன் ஒரு படம் கிடைத்தால் நின்றுபோன புரொப்பெல்லருடன் எடுத்த நூறு கூர்மையான படங்களை நான் அழித்துவிடுவேன்.

எப்படிச் செய்வது? முதல் சுற்றில் 1/250 வைத்து நாலைந்து நல்ல படத்தைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் 1/160, பிறகு 1/125 என்று இறங்குங்கள். இறங்க இறங்கப் பழுதாகும் படங்கள் கூடும், அது எல்லோருக்கும் நடப்பதுதான், மெமரி கார்டில் இடம் வைத்துக்கொண்டு போங்கள். நிற்கும் விதம் முக்கியம்: விமானத்தை எந்த இடத்தில் எடுக்கப் போகிறீர்களோ அந்தத் திசைக்குக் காலை ஊன்றி, வரும் திசைக்கு இடுப்பை மட்டும் திருப்பி, கண்ணில் பட்டதும் பின்தொடரத் தொடங்கி, முன்னால் வரும்போது அழுத்தி, அழுத்திய பிறகும் நிற்காமல் தொடர்ந்து திரும்புங்கள். அழுத்தியதும் கை நிற்பதால்தான் பாதிப் படம் கெடுகிறது. லென்ஸில் அசைவுத் தடுப்பு இருந்தால், பக்கவாட்டில் திருப்புவதற்கென்று தனி நிலை பல லென்ஸ்களில் இருக்கும், அதைப் போடுங்கள். ஃபோகஸ் தொடர் நிலையில் இருக்கட்டும்.

வீட்டில் இருந்தே பழகலாம். நிலாவெளி வீதியில் ஓரமாக நின்று இ.போ.ச. பஸ்ஸை 1/60 இல் எடுங்கள், பஸ்ஸின் பெயர்ப்பலகை வாசிக்கும்படி வருகிறதா என்று பாருங்கள். டைகர் மொத் மணிக்கு 110 கிலோமீட்டர் அளவில்தான் மிதந்து போகும், அதனால் பஸ்ஸில் பழகிய கைக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது.

இன்னொன்று. ஓடுபாதைக்குப் போகும் வழியில் விமானம் மெல்ல ஊரும்போது எஞ்சின் 800 சுற்று அளவுக்குக் குறைந்துவிடும். அப்போது பறக்கும் நேரத்துக் கணக்கு சரிவராது, 1/60 வைத்தாலே 80 பாகைதான் கிடைக்கும். விமானம் தரையில் இருக்கும்போது ஷட்டரை இன்னும் மெதுவாக்குங்கள்.

டக்ஸ்ஃபோர்டில் பார்வையாளர் நிற்பது ஓடுபாதையின் வடக்குப் பக்கம், அதாவது நீங்கள் தெற்குப் பார்த்து நிற்பீர்கள், நாளின் பெரும்பகுதியில் வெயில் முகத்தில். காலையில் வலது பக்கம், மேற்கே இருக்கும் விமானங்களை எடுங்கள். பின்னேரம் இடது பக்கம் பாருங்கள், மேற்கு வெயில் விமானத்தின் முகத்தில் விழும். நடுப்பகலில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டொப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கம் கரிக்கட்டி ஆகிவிடும்.

மகனிடம் கேட்டு முடிந்தால் பெட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் ஓல்ட் வார்டனுக்கும் போய் வாருங்கள். அங்கே ஷட்டில்வர்த் சேகரிப்பு இருக்கிறது, புல் ஓடுபாதை. பறக்கும் பாதை பார்வையாளரைச் சுற்றி வளைந்து போவதால் விமானங்கள் சாய்ந்து வந்து முதுகைக் காட்டும். முதுகு தெரியும் படம் வேறு இடத்தில் இவ்வளவு எளிதில் கிடைக்காது. பறக்கும் நிலையில் உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே அவ்ரோ டியூட்டர் பயிற்சி விமானமும் அங்கேதான் இருக்கிறது.

1/125 வைத்தால் நம்மூர் வெயிலில் படம் வெளிறிப் போகிறது. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப்/16 வரை மூடினால் வானமெல்லாம் கறுப்புப் புள்ளி. என்ன செய்யலாம்? (நிலாவெளி)

புள்ளி சென்சரில் இருக்கும் தூசி, ஒளித்துளையைச் சிறிதாக்கினால் படத்தில் தெரியும். கடற்கரையில் லென்ஸ் மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், இனி மாற்றாதீர்கள். வெயில் நேரத்தில் ஐ.எஸ்.ஓ. (சென்சரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/125 என்றால் எஃப்/16 ஐ ஒட்டித்தான் வரும், வேறு வழியில்லை. என்.டி. 8 ஃபில்டர் ஒன்று வாங்குங்கள், லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி அது. மூன்று ஸ்டொப் குறைக்கும், எஃப்/5.6 க்கு வந்துவிடலாம், தூசியும் மறையும், லென்ஸும் கூர்மையாக வேலை செய்யும். போலரைஸர் இருந்தால் அதுவே ஒன்றரை ஸ்டொப் அளவு குறைக்கும், ஆனால் விமானத்தைப் பின்தொடர்ந்து திரும்பும்போது வானத்தின் நீலம் இடத்துக்கு இடம் மாறிப்போகும், அதனால் நான் என்.டி.யைத்தான் சொல்வேன்.

குளிரூட்டிய வான் வண்டியில் இருந்து இறங்கினதும் கமராவை வெளியே எடுக்க வேண்டாம். நம்மூர் ஈரக்காற்றில் லென்ஸ் உடனே பனித்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் நிழலில் வைத்துவிட்டுத் திறங்கள்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது அண்ணா. ஏ.எல். படிக்கிறேன். போனில் எடுத்தால் புரொப்பெல்லர் வாழைப்பழம் போல வளைந்து வருகிறது. போன் பழுதா? (கிண்ணியா)

பழுதில்லை தம்பி. போனின் சென்சர் படத்தை முழுதாக ஒரே நொடியில் எடுப்பதில்லை, வரிவரியாக வாசிக்கிறது. மேல் வரியை வாசித்து முடித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் அலகு வேறு இடத்துக்குப் போய்விடும், அதனால்தான் வளைவு. சில கமராக்களிலும் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால் இதே கதைதான், அதனால் கமரா வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கல் ஷட்டரைப் பயன்படுத்த வேண்டும்.

உன் போனில் புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/125 ஆக்கு, ஐ.எஸ்.ஓ.வை மிகக் குறைந்த அளவில் வை. வெளிச்சம் கூடிவிடும், அதற்குப் போனுக்கு ஒட்டும் என்.டி. ஃபில்டர் கிடைக்கிறது, அது இல்லாவிட்டால் சன்கிளாஸின் ஒரு கண்ணாடியைப் போன் லென்ஸுக்கு முன்னால் ஒட்டிப் பிடித்துப் பார். வளைவு முழுதாகப் போகாது, ஆனால் சுழற்சியின் மங்கலுக்குள் மறைந்துவிடும்.

ஆனால் பறக்கும் விமானத்தைப் போனில் துரத்திக்கொண்டிருக்காதே, சின்னப் புள்ளியாகத்தான் வரும். உனக்கு வசதியான இடம் தரையில். அடுத்த பதிலையும் படி.

விமானம் பறப்பதற்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் சும்மா நிற்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன எடுப்பது? (திருகோணமலை நகரம்)

என்னைக் கேட்டால் நாளின் சிறந்த படம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. பழைய பயிற்சி விமானம் ஒன்றை எழுப்புவது ஒரு வேலை, அதைச் செய்கிறவர்களின் கையையும் முகத்தையும் எடுங்கள்.

ஹாவர்டைப் பாருங்கள். ஒன்பது சிலிண்டர், வட்டமாக அடுக்கிய எஞ்சின், 600 குதிரைவலு. நின்ற இடத்தில் கிடந்தால் எண்ணெய் இறங்கிக் கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உடையலாம், அதனால் முதலில் தரைப் பணியாளர்கள் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுவார்கள். ஒருவர் ஓர் அலகைப் பிடித்து முழு உடம்பையும் சாய்த்துத் தள்ளிவிட்டு விலகி நடக்க, அடுத்தவர் அடுத்த அலகுக்கு வருவார். கை அலகின் விளிம்பில் எப்படிப் பதிகிறது, தள்ளியதும் கால் எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள், இரண்டு சுற்றுக்குள் தாளம் பிடிபட்டுவிடும், மூன்றாவது சுற்றில் எடுங்கள். அப்புறம் ஸ்டார்ட்டரின் சிணுங்கல், ஓர் இருமல், புரொப்பெல்லர் தயங்கித் தயங்கி ஒரு சுற்று, பிறகு புகைபோக்கியில் இருந்து வெள்ளைப் புகை குபீரென்று. ஹாவர்டின் புகைபோக்கி விமானியின் வலது பக்கம் இருக்கிறது. நீங்கள் இடது பக்கம் நின்றால் புகை விமானத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள், புகை சில செக்கன்தான் இருக்கும்.

விமானப்படைப் பயிற்சி மாணவர்கள் சீனக்குடாவில் பறக்கும் பி.டி.-6 விமானமும் ஒன்பது சிலிண்டர் எஞ்சின்தான், அதன் மூலவடிவம் 1958 இல் சீனாவில் முதலில் பறந்தது. அதை எழுப்புவது அழுத்தக் காற்று. எஞ்சின் பற்றுவதற்கு முன் காற்றுச் சீறும் சத்தம் கேட்டால் விரலைப் பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், பயிற்சி விமானத்தைப் போர் விமானத்தில் இருந்து பிரித்துக் காட்டுவது இரண்டாவது இருக்கை. சிப்மங்கில் மாணவர் முன்னால், ஆசிரியர் பின்னால். டைகர் மொத்தில் நேர்மாறு, ஆசிரியர் முன்னால், மாணவர் பின்னால், இருவரும் ஒரு குழாய் வழியாகப் பேசிக்கொள்வார்கள். நம் விமானப்படையில் முன்பு இருந்த பேலியல், ஜெட் ப்ரோவோஸ்ட் என்ற பயிற்சி விமானங்களில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு தலையும் தெரியும்படி எடுத்த படத்தில்தான் அது பயிற்சி விமானம் என்பது தெரிகிறது. அதற்கு முன்பக்கம் சற்றுச் சரிவாக, முக்கால் பக்கம் தெரியும் கோணம் நல்லது.

மஞ்சள் நிற விமானங்கள் படத்தில் விவரமே இல்லாமல் பளபளவென்று வருகின்றன. பழைய படம் போல மாற்றினால் சரியாகுமா? (மூதூர்)

மாற்றாதீர்கள். பயிற்சி விமானத்துக்கு மஞ்சள் அடித்ததே வானத்தில் தூரத்திலேயே தெரிந்து மற்ற விமானங்கள் விலகிப் போகட்டும் என்றுதான். அந்த நிறத்தைப் பழுப்பாக்கிவிட்டால் விமானத்தின் அடையாளமே போய்விடும். மஞ்சளில் சிவப்பு அலைவரிசை முதலில் நிறைந்துவிடும், கமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராமில் அது தெரியாது. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் மூன்றில் ஒரு ஸ்டொப் குறையுங்கள். கமரா சுருக்காமல் சேமிக்கும் ரோ வடிவில் எடுங்கள். விமானத்தில் வெயில் நேராக விழுந்தால் குறைக்க வேண்டும், வெயில் விமானத்துக்குப் பின்னால் இருந்தால் கூட்ட வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தரைச்சூடு படத்தை நெளிய வைக்கும். அதை எந்த லென்ஸாலும் திருத்த முடியாது. காலை ஒன்பது மணிக்குள் எடுங்கள், அல்லது நாலு மணிக்குப் பிறகு.

இலங்கையில் பழைய பயிற்சி விமானங்களை எங்கே பார்க்கலாம்? நம்முடைய விமானப்படையில் என்னென்ன இருந்தன? (தம்பலகாமம்)

இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1951 இல் அரச இலங்கை விமானப்படை தொடங்கியபோது முதலில் வந்தவற்றில் சிப்மங்க் ஒன்று. அதற்குப் பிறகு பேலியல். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டனின் பௌல்டன் போல் நிறுவனம் செய்த பயிற்சி விமானம், மூக்கில் இருப்பது மெர்லின் எஞ்சின், ஸ்பிட்ஃபயரில் இருந்த அதே குடும்பம். பிரிட்டனுக்கு வெளியே அதை வாங்கிய ஒரே நாடு இலங்கைதான், 12 வாங்கினார்கள். இன்று உலகில் மிஞ்சியிருக்கும் பேலியல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, இரத்மலானையில் இருப்பதும் அவற்றில் சேரும். 1950களின் கடைசியில் ஜெட் ப்ரோவோஸ்ட் வந்தது, அதற்குப் புரொப்பெல்லரே இல்லை.

கொட்டகைக்குள் நிற்கும் விமானத்துக்கு நீள லென்ஸ் வேண்டாம். 24 அல்லது 35 மில்லிமீட்டர் போதும். முழு விமானத்தையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க முயலாமல், தேய்ந்த கால்மிதி, இருக்கையின் தோல், ஆணி வரிசை, எண்ணெய்க் கறை என்று கிட்டப் போய் எடுங்கள், கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

ட்ரோன் விட்டால் மேலே இருந்து நல்ல படம் கிடைக்குமே? சீனக்குடா வேலிக்கு வெளியே நின்று எடுத்தால் என்ன? (பெயர் ஊர் வேண்டாம்)

இரண்டும் வேண்டாம். விமானம் தாழப் பறக்கும் இடத்தில் ட்ரோன் விட்டால் விமானியின் உயிரோடு விளையாடுவதாகும். இலங்கையில் ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, காட்சி நாளில் நினைக்கவே கூடாது. சீனக்குடா படைத்தளம். அங்கே நடப்பது காட்சியில்லை, பயிற்சி. நீள லென்ஸோடு வேலிக்கருகில் நிற்பது உங்களுக்கும் வீட்டாருக்கும் வீண் பிரச்சினை. எழுத்தில் அனுமதி கேளுங்கள், பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் அவர்கள் காட்டும் எல்லைக்குள் நின்று எடுங்கள்.

சென்னை அல்லது பெங்களூருக் காட்சிக்குப் போக ஆசை. பழைய விமானங்கள் அங்கே வருமா? (ஓர்ஸ் ஹில்)

பெங்களூர் யெலஹங்காவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏரோ இந்தியா நடக்கிறது. இந்திய விமானப்படை தன் பழைய விமானங்களை, டைகர் மொத், ஹாவர்ட் போன்றவற்றை, பறக்கும் நிலையில் திருத்தி வைத்திருக்கிறது. எச்.டி.-2 என்று ஒன்று இருக்கிறது, இந்தியா தானே வடிவமைத்த முதல் பயிற்சி விமானம், 1951 ஆகஸ்டில் முதலில் பறந்தது, அது வந்தால் தவறவிடாதீர்கள்.

வெயிலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானக் காட்சிக்கு லட்சக்கணக்கானோர் கூடி, வெப்பத்தில் பலர் மயங்கி விழுந்து, சிலர் இறந்தும் போனார்கள். லென்ஸ் ஒன்றைக் குறைத்துக்கொண்டு தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கூட வையுங்கள். வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் நடுப்பகலில் மணலில் உட்கார வைக்காதீர்கள்.

தாத்தா அறுபதுகளில் சீனக்குடாவில் விமானங்களுக்கு வேலை செய்தவர். அவரிடம் பழைய படங்கள் ஓர் அல்பம் நிறைய இருக்கின்றன, நிறம் மங்குகிறது. எப்படிப் பாதுகாப்பது? (பாலையூற்று)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதெல்லாம் தள்ளிவைக்கலாம் என்று தோன்றியது. இதை இந்த வாரமே செய்யுங்கள், தங்கச்சி. ஸ்கானர் இருந்தால் 600 டி.பி.ஐ. வைத்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் காலையில் விறாந்தையில், நேர்வெயில் படாத இடத்தில், படத்தைத் தட்டையாகத் தரையில் வைத்து நேர் மேலிருந்து போனில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பு விழும். அல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்தே எடுங்கள்.

எடுக்கும்போது தாத்தா பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு படத்திலும் யார், எந்த விமானம், எந்த வருடம் என்று அவர் சொல்வதைப் போனில் குரலாகப் பதிவு செய்யுங்கள். விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பெரிதாக்கிப் பாருங்கள், சி.ஏ. என்று தொடங்கினால் பேலியல், சி.ஜே. என்றால் ஜெட் ப்ரோவோஸ்ட். எண் தெரிந்தால் அது எந்த விமானம் என்று பிறகும் தேடிப் பிடிக்கலாம், பக்கத்தில் நிற்கும் ஆளின் பெயரைத் தாத்தாவைத் தவிர யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் முதலில் பெயர்களைக் கேளுங்கள். படத்தின் பின்பக்கம் எழுதுவதென்றால் மெல்லிய பென்சில், அதுவும் ஓரத்தில். பேனை மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும்.